சங்கரபாண்டி அண்ணாச்சிக்குள் ஏழு பேர்

கரிசல் பூமியில் மழை பொய்க்கும், பருத்தி பொய்க்கும்; 'வளர்ந்துகொண்டே இருப்பவர்' என்ற இனம் மட்டும் எந்தப் பஞ்சத்திலும் தழைக்கும். கோவில்பட்டியில் இவரைத் தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டப மாடிக்குப் போங்கள். எங்கள் மனவளர்ச்சிக் குழுவில் இருபது பேர் ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடியிருப்போம். அதில் காரணமே இல்லாமல் புன்னகைப்பவர்தான் நம்மவர்.

மாதிரிக்கு, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி. ஒரு மனிதனுக்குள் பல ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்களை அடையாளம் கண்டு, பேசி, ஒற்றுமைப்படுத்தினால் முழு மனிதனாகலாம் என்பது எங்கள் குழுவின் பாடம். நல்ல பாடம்தான். அண்ணாச்சி மூன்றே வாரத்தில் தமக்குள் ஏழு பேரைக் கண்டுபிடித்து, ஏழு பேருக்கும் பெயரும் வைத்துவிட்டார்; வீட்டில் யார் என்ன கேட்டாலும் பழியை அந்த ஏழில் ஒருவன் தலையில் கட்டிவிடுவார். குழம்புக் கிண்ணத்தை எறிந்தது யார்? கோவக்காரன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதது? சோம்பேறி. அப்போது அண்ணாச்சி எங்கே இருந்தார்? மேலே நின்று எல்லாரையும் கனிவோடு கவனித்துக்கொண்டிருந்தாராம்.

மகள் சுதாராணிக்குப் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்க ஆசை. விண்ணப்பத்தில் தாயோ தந்தையோ கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அப்பா இருக்க அம்மா பேனா எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. திங்கட்கிழமை கடைசி நாள்.

"ஏட்டி, ஒன் ஆசைய முழுசா ஏத்துக்கிடுதேன். உள்ள ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கான், அவன்தான் தடுக்கான். அவன்கிட்டப் பேசிட்டு இருக்கேன்."

"பதினஞ்சு நாளாப் பேசுதீங்களே, அப்பா!"

"அவசரப்படுத்துனா அவன் மனசு புண்படும்லா."

ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பமும் பேனாவுமாக அவள் மண்டப மாடிக்கே வந்துவிட்டாள். எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம்: தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தவர் அது அணையும்வரை பேசலாம், யாரும் குறுக்கிடக் கூடாது. குச்சி அண்ணாச்சியின் உபயம். சுதாராணி கிழித்தாள்.

"எங்கப்பாவுக்குள்ள ஏழு பேரு இருக்காவளாம். அதுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவிய யாராவது இருந்தா கொஞ்சம் வரச் சொல்லுங்க."

குச்சி அணைந்தது. என்ன துணிவு, என்ன வெளிப்பாடு என்று வட்டம் கைதட்டியது. அண்ணாச்சி அழுதார். ஒரு குச்சி போதாமல் ஒன்பது குச்சி கிழித்து அழுதார். ஆறு பேர் அவரைக் கட்டித் தழுவினார்கள். அவள் நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தையும் கண்ணை மூடிக் கவனித்தேனே தவிர, வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சியின் மனைவி கல்யாணசுந்தரி, கொதித்த பாலை இறக்கி வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"எனக்குள்ள நான் ஒருத்திதான் இருக்கேன். கொண்டா."

சுதாராணி எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி குச்சியைக் கிழித்தார். "நான் கையெழுத்துப் போடாம விட்டதுனாலதான் எங்க வீட்டம்மாவுக்குள்ள இருந்த தைரியசாலி வெளிய வந்தா. அவ வளர்ச்சிக்கு நான் வழிவிட்டேன்."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்து முடித்ததும், 'நமக்குத் தெரிந்த ஒருவர் அச்சு அசல் இப்படித்தான்' என்று தலையாட்டிவிட்டு, உங்கள் வீட்டில் ஒருவர் பதினைந்து நாளாக உங்கள் மேஜையில் வைத்திருக்கும் காகிதத்தின் மேல் இந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பீர்களே, அது உங்களுக்குள் எத்தனையாவது ஆள்?