வேலையில்லாதோரின் வேலைநிறுத்தம்

மாண்புமிகு மச்சான் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் தங்களுக்கு அத்தானாகிப் போனவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் நலம். எங்கள் நலத்தை அளப்பதற்கு இன்னும் யாரும் வீட்டுக்கு வரவில்லை என்பதால் இதைத் தாங்கள் தைரியமாக நம்பலாம். தாங்களும், தங்கள் துணைவியாரும், தலைமையகத்தில் தாங்கள் கட்டிக் காத்துவரும் புள்ளிவிவரங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பம்பு கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, தெருவில் நின்ற நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனுக் கொடுத்தோம், தங்களுக்குத் தெரியும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலியாகக் கிடக்கிற அந்தக் கம்பெனிக் கொட்டகையில் ஒரு பயிற்சி நிலையம் திறந்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற லேத் மெஷின் இரண்டு வாங்கிப் போட்டு, எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றோம். கையால் லேத் ஓட்டின என்னைப் போன்ற டர்னரை இன்றைக்கு எந்தக் கம்பெனி வாட்ச்மேனும் கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்ட எனக்கு அந்தப் பயிற்சியை விட்டால் வேறு கதி கிடையாது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. மனுவுக்குப் பதில் வந்தது. எங்கள் வட்டாரத்தில் வேலையின்மை மிக மிகக் குறைவாம், ஆகவே பயிற்சி நிலையத்துக்கு அவசியம் எழவில்லையாம். படித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். நல்ல முற்பகல் நேரம், வீட்டுக்கு ஒரு ஆம்பளை வாசலில் நின்று எதிர்வீட்டு ஆம்பளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் குறைவு எப்படி வந்தது என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்வேன். தங்கள் இலாகாவிலிருந்து ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். நல்ல பெண், வெயிலில் அலைந்து முகம் வாடியிருந்தது, அவளைக் குறை சொல்லமாட்டேன். வட்டாரத்துக்குச் சில தெருக்களைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் தெருவும் ஒன்றாம். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ, லாபத்துக்கோ, வீட்டுத் தொழிலில் உதவியாகவோ வேலை பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இல்லை என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் முன் அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஏன் இல்ல? போன வாரம் பூரா எனக்குப் பட்டன் தச்சுக் குடுத்தாரே" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அந்தப் பெண் ஒரு தட்டு தட்டினாள், நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். இண்டர்வியூ இல்லை, ஆர்டர் இல்லை, சம்பளமும் இல்லை. ஏண்டி இப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டால், வெளி மனுஷி முன்னால் புருஷனை வேலையற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா என்கிறாள். இப்படிப்பட்டவளிடம் என்னத்தைச் சண்டை போடுவது.

எனக்கு மட்டும் இல்லை, தெரு முழுக்க இதே கூத்துதான். எங்கள் வெல்டர், யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்கு ஒரு பற்றவைப்பு வைத்தாராம், வேலையில் இருக்கிறார். கிரேன் ஓட்டினவர் சிநேகிதன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் டாக்ஸியை ஒரு சவாரி ஓட்டினாராம், அவரும் வேலையில் இருக்கிறார். தெருவிலேயே தேறினவன் ஒருத்தன்தான், எங்கள் ஸ்டோர் கீப்பர், தூங்குமூஞ்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவன் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடவில்லை, கட்டிலில் மல்லாந்தபடி செல்போனில் கம்பெனி கம்பெனியாக விண்ணப்பம் தட்டிக்கொண்டு கிடந்தான். அவனைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது, கச்சிதமாக இருக்கிறீர்கள் சார் என்றே சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து அவன் நடையே மாறிப்போயிற்று. அரசாங்கமே ஒத்துக்கொண்ட வேலையில்லாதவராக்கும் என்று அவன் பெண்டாட்டி குழாயடியில் ஜம்பமடிக்கிறாள். இருபது வருஷம் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணச் சொன்னால் தூங்கினவன், கடைசியில் தெருவிலேயே எண்ணிக்கைக்கு வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டான், வேலையின்மையில் வெளிநாட்டை விட நாம் மேல் என்று. எந்த நாடு என்று பார்த்தால் என் சகலை, அதாவது உங்கள் பெரியக்கா வீட்டுக்காரர், குடியேறியிருக்கிற நாடு. அவரும் அங்கே எங்கள் கம்பெனியின் கிளையில்தான் வேலை பார்த்தார், அதையும் எங்களதையும் ஒரே நாளில்தான் மூடினார்கள். அவருக்குப் போன் போட்டேன். அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் வேலையில்லாதவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்களாம், வாரத்தில் சில மணி நேரம் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கணக்கிலிருந்து எடுப்பதில்லையாம், உட்கார நாற்காலி போட்டு ஆலோசனை சொல்ல ஒரு அம்மா வேறு இருக்கிறாளாம். ஒரே கம்பெனி, ஒரே பூட்டு, ஒரே குடும்பத்தில் பெண் எடுத்த இரண்டு பேர். அவர் எல்லை தாண்டி இருப்பதால் வேலையில்லாதவர், நான் இங்கே இருப்பதால் உத்தியோகஸ்தன்.

அந்தச் சூட்டில்தான் உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கும். பேப்பர்க்காரன் அங்கே பதிவு செய்தவர்களையும் இங்கே வீடு வீடாகக் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான், அப்படி வைப்பது தப்பு, அதற்கு இலாகா பொறுப்பில்லை என்றீர்கள். சரி, ஒப்புக்கொண்டேன். நாடுகளை ஒப்பிட என்றே எல்லோருக்கும் பொதுவாக ஒரு அளவு இருக்கிறது, அதுதான் அந்த ஒரு மணி நேரம் என்றீர்கள். "அந்த அளவுல பாத்தா உங்க சகலையும் அங்க வேலையில இருக்கறவர்தான் அத்தான்" என்று ஏதோ எனக்கு ஆறுதல் மாதிரி சொன்னீர்கள். நான் என் வயிற்றெரிச்சலைச் சொன்னால் நீங்கள் அவரையும் சேர்த்துக் காலி செய்கிறீர்கள். இனிமேல் எனக்கு நீங்கள் தாங்கள் எல்லாம் வராது மச்சான், நீ என்றே எழுதப்போகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

உன் அளவு நியாயமானதுதான்டா, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அளவில் நாங்கள் உயிரோடு அகப்பட மாட்டேன் என்கிறோமே, அதற்கு என்ன வழி என்று தெருவைக் கூட்டி வைத்து யோசித்தோம். எல்லோரும் தூங்குமூஞ்சியைத்தான் பார்த்தோம். அவன் எப்படித் தேறினான்? ஒரு வேலையும் செய்யாததால் தேறினான். அப்படியானால் நாமும் செய்யக்கூடாது. அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து மறுபடி வருவேன் என்று சொல்லிப் போயிருந்தாள், ஆனால் தேதி சொல்லவில்லை. ஆகவே ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவது என்று தீர்மானம் போட்டோம். வேலையில்லாதோர் வேலைநிறுத்தக் குழு என்று பெயர். தலைவர் நான். உலகத்திலே வேலை இருக்கிறவன்தான் வேலைநிறுத்தம் செய்திருக்கிறான், இல்லாதவன் செய்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், இருந்தால் நீ பார்த்துச் சொல்.

அந்த ஒரு மாதம் நாங்கள் பட்ட பாடு கம்பெனியில்கூடப் பட்டதில்லை. வெல்டருக்கு எதிர்வீட்டு கேட் கீல் விட்டுப்போய்க் கிறீச்சென்று கத்துகிறது, மனுஷன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கையில் கையும் களவுமாகப் பிடித்தோம், சும்மா போட்டுப் பார்த்தேன் என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார். கிரேன்காரர் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை டாக்ஸியில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டார், அதற்கு ஒரு அவசரக் கூட்டம் போட்டு, காசு வாங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மன்னித்தோம். எல்லோரையும் கண்காணிக்கிற பொறுப்பைத் தூங்குமூஞ்சிக்குக் கொடுத்தோம், அங்கீகாரம் பெற்ற அனுபவசாலி அவன்தானே. அவனுக்கு வந்த சுறுசுறுப்பை நீ பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் எழுந்து வீடு வீடாகப் போய் எட்டிப் பார்ப்பான், சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று, செல்போனைத் தொடக்கூட அவனுக்கு நேரமில்லை.

என் பாடுதான் பெரும்பாடு. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், உன் அக்காவுக்குச் சீருடைத் துணி மலையாகக் குவிந்துகிடக்கிறது. நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவள் முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் தானாகவே வாயைத் திறந்து, "பட்டன் தைக்கறத வேலைன்னு நினைக்காதீங்க, பொழுதுபோக்குன்னு நினைச்சுத் தைங்களேன்" என்றாள். நான் மசியவில்லை. சமைத்தால் கணக்கில் வருமா என்று உன்னைக் கேட்டதற்கு, சொந்த வீட்டுக்குச் சோறு பொங்குவது இந்தக் கணக்கில் வேலையாக வராது என்றாயே, அதை அப்படியே அவளிடம் போய்ச் சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள் பார், நீ எதிரில் இருந்திருந்தால் உன் இலாகாவையே ராஜினாமா செய்திருப்பாய். அன்றிலிருந்து சமையல் என்னுடையது. இரண்டு வேளை சமைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், துணி துவைக்கிறேன், இடுப்பு ஒடிந்து போகிறது, ஆனால் ஒரு நிமிஷம்கூட வேலை செய்யவில்லை. இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

கைதான் கேட்கமாட்டேன் என்கிறது மச்சான். ராத்திரி தூக்கத்தில் லேத் சக்கரத்தைச் சுற்றுகிறேனாம், உன் அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை பார்க்காமல் இருப்பது சுகம் என்று எவனாவது உன் ஆபீசில் சொன்னால் அவனை இங்கே ஒரு மாதம் அனுப்பி வை.

இன்றைக்கு அந்தப் பெண் வருகிறாள், தெருமுனை வரைக்கும் வந்துவிட்டதாகத் தூங்குமூஞ்சி ஓடிவந்து சொல்லிவிட்டுப் போகிறான். நாங்கள் தயார். கொஞ்ச நாளில் உன் மேஜைக்கு ஒரு எண் வந்து சேரும், பார்த்து மயக்கம் போட்டு விழாதே. அது நாங்கள்தான். அதை அடித்துத் திருத்தினாய் என்று தெரிந்தால் உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு தலைமையகத்துக்கே வந்து வாசலில் உட்காருவேன், அவள் கரண்டியோடு வருவாள். அந்த எண்ணைக் காட்டிக் கொட்டகைப் பூட்டைத் திறக்க வைக்காமல் விடமாட்டோம். எங்களைக் குறைவு என்று எழுதின கையாலேயே அதிகம் என்று எழுத வைப்போம்.

துணைவியாருக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த உத்தியோகத்தோடும், வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வேலையோடும் வாழ வேண்டுமென்று மனமார வாழ்த்துகிற

உன் அத்தான்,
தலைவர், வேலையில்லாதோர் வேலைநிறுத்தக் குழு.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் வந்து போய்விட்டாள். குழு முழுவதும் எங்கள் முன் அறையில்தான் கூடியிருந்தது. ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா என்றாள், இல்லை என்று வரிசையாகச் சொன்னோம், உன் அக்காவும் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அதற்கு அப்புறம் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்களே பாவிகளா, ஒரு மணி நேரம் பார்த்தேன் என்றவனிடம் அதைக் கேட்பதில்லையாம், அதனால் போன தடவை எங்களிடம் கேட்கவே இல்லை. கடந்த நாலு வாரத்தில் வேலை தேடினீர்களா என்றாள். வேலைநிறுத்தத்தில் இருக்கிறவன் எங்கேயம்மா போய் வேலை தேடுவான் என்று நான்தான் கேட்டேன். அவள் பாவம், தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "அப்ப நீங்க வேலையில்லாதவங்க கணக்குல வரமாட்டீங்க சார். தேடினாத்தான் அதுல சேர்ப்போம். தேடலன்னா கணக்குக்கே வெளிய." தூங்குமூஞ்சியும் வெளியே போய்விட்டான், எங்களைக் கண்காணித்த மும்முரத்தில் அவன் ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை, விஷயம் தெரிந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆக, போன தடவை எங்கள் தெருவில் வேலையில்லாதவன் ஒருத்தன் இருந்தான், இப்போது ஒருத்தனும் இல்லை. உங்கள் வேலையின்மை விகிதம் இன்னும் இறங்கும், வாழ்த்துகள்.

அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கேட்டாள். இப்போது ஒரு வேலை கொடுத்தால் போவீர்களா என்று. போவோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம், உன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கும் தனியாக ஒரு இடம் இருக்கிறதாம், அந்தப் பெண் அதிலே தட்டிக்கொண்டாள், ஆனால் அது விகிதத்தில் சேராதாம். சேர்க்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்போம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்கிறேன். போவோம்.