அபூ ரம்ஸி ஒரு தட்டுக் கினாஃபாவுக்காகப் பொருதது

நாப்லுஸ் நகரத்து அடுப்புகளை அடக்கி ஆண்டவரே, அகன்ற செப்புத்தட்டைக் கேடயம்போல் சுழற்றும் பெருந்தோளரே, உப்புப் பாலாடைக்கட்டியை நீரில் ஊறவைத்துச் சுட்ட கினாஃபாவை ஊர் முழுவதற்கும் ஊட்டித் தாம் மட்டும் எச்சில் விழுங்கிய இனிப்புக்கடை வேந்தே, அபூ ரம்ஸியே, உம் போரைப் பாடப் புகுந்தோம். நா தடுமாறினால் பொறுத்தருள்க.

சர்க்கரை நோய் என்னும் கொடும்பகை அவர் குருதியில் கொடிநாட்டிய நாள்முதல், தாம் செய்த கினாஃபாவைத் தாமே சுவைக்கும் உரிமையை அவர் இழந்திருந்தார். மகள் மைஸின் நிச்சயதார்த்த நாளிலோ, இல்லாளும் கோட்டைத்தலைவியுமான உம்மு ரம்ஸி மனமிரங்கி ஆணை பிறப்பித்தார்.

"நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா ஒரு தட்டு. இல்லைன்னா வெள்ளரிக்கா."

வீரரின் மேற்கையில் முந்தின நாள் ஒட்டிய வட்டப் பொத்தான் ஒன்று வீற்றிருந்தது. தோலுக்கடியில் மயிரிழை போன்ற வேலொன்றை நாட்டி, அதன்மேல் நொதி என்னும் உறங்காக் காவலனை நிறுத்தி, அகப்பட்ட சர்க்கரையை அவன் பிடித்து உருமாற்றுகையில் சிந்தும் மின்துளிகளை அளந்து, கைபேசிக்கு ஓலை விடுக்கும் புதுயுக ஒற்றன் அது. நூற்று இருபத்தாறு என்றது ஓலை.

வேந்தர் தட்டின்மேல் பாய்ந்தார். தலைவி மறித்தார்.

"சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு, இதுக்கு என்ன தெரியும்? பழைய மெஷினை எடு, விரல்ல குத்து. ரத்தத்தைப் பார்த்தாத்தான் நம்புவேன்."

"குத்துறேன். அதுக்குள்ள தட்டை ஒளிச்சு வெச்சிடாதே, உம்மு ரம்ஸி."

எலுமிச்சை பிழிந்து காய்ச்சிய பாகை அப்போதுதான் கினாஃபாவெங்கும் மழையெனப் பொழிந்திருந்த திருக்கரத்தை, மேலங்கியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஊசியால் விரல்நுனி பிளந்து, செங்குருதித் துளியைப் பழைய கருவியின் பட்டையில் ஏந்தினார். அங்கும் நொதிப்படை காத்திருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு.

மலை சரிந்தாற்போல் நாற்காலியில் சரிந்தார் வேந்தர். தட்டு சமையலறைக்குச் சிறைபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் படியேறும் ஓசை பகைவர் முரசென அதிர, உம்மு ரம்ஸி ஒரு கையால் ஆம்புலன்ஸுக்கு எண்களை அழுத்தி, மறுகையால் கணவரை விசிறினார். அவ்வமயம், புத்தாடை சரசரக்க வந்து நின்றாள் மைஸ்.

"யாபா, கையக் கழுவினீங்களா?"

"மிட்டாய்க்காரன் கை எப்பவும் சுத்தம்தான்மா."

"சுத்தம்தான். நக்கிப் பாருங்க. ரத்தத்தோட விரல்ல இருந்த பாகையும் சேர்த்து அளந்திருக்கு அது."

சோப்பும் வெந்நீரும் கரைபுரண்டன, துண்டு துடைத்தது, ஊசி மறுபடி பாய்ந்தது. நூற்று இருபத்தொன்பது. உம்மு ரம்ஸி வழிவிட, வந்தமர்ந்த சம்பந்திகள் எழுந்து நிற்க, சிறைமீண்ட தட்டிலிருந்து பொன்னிறத் துண்டொன்றை வெற்றிக்கொடியென உயர்த்தி, கண்மூடி, ஏங்கிய நாளெல்லாம் ஒருங்கே தீர, வாயில் இட்டார் வேந்தருள் வேந்தர்.

பாலாடைக்கட்டி சரியாக ஊறாததால் கொஞ்சம் உப்பாக இருந்தது.