மேடம் பாராட்டிய நாற்காலி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மன்னிக்கவும். அப்பா தூங்குகிறார், விழிப்பதற்குள் முடிக்க வேண்டும்.

போன வாரம் ஓர் ஆபீஸ் மேடம் நம் குஷன் கடைக்கு வந்தார். அவர்கள் நாற்காலிகளுக்கெல்லாம் புது உறை வேண்டுமாம். மாதிரிக்கு ஒன்றை அப்பா கிளிப்பச்சை வெல்வெட்டில் தைத்து வைத்திருந்தார். மேடத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும், அப்பாவுக்கு அது மட்டும் வராது, நடுவில் நான். மேடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அற்புதம், எவ்வளவு தைரியமான நிறம், கட்டாயம் மனதில் வைத்துக்கொள்கிறோம் என்றார். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நம் வீட்டில் எவ்வளவு உயர்ந்த பொருளானாலும் "மோசமில்ல" என்பதோடு சரி. அப்பாவின் வேலையை அற்புதம் என்று இதுவரை யாருமே சொன்னதில்லை.

"கேட்டியாடி? அற்புதமாம்!" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"கண்ணக் குத்துதுங்க அந்தக் கலரு."

"உனக்கென்ன தெரியும்? மேடமே சொல்லிட்டாங்க!"

அன்றே சுருள் துணி முழுவதையும் வெட்டிவிட்டார். வண்டி சீட்டைத் தைக்கக் கொடுக்க வந்த வேன்காரரிடம், "இனிமே நமக்கு ஆபீஸ் வேலை மட்டும்தான்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்தான் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன், அத்தை.

இன்று டீச்சர் என் ஆங்கிலக் கட்டுரையின் மேல் 'மிக சுவாரஸ்யம்' என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டிருந்தார். மேடத்தின் அற்புதமும் இப்படித்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. மேடம் சொன்னதை அப்படியே சொல்லிக் கேட்டேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேணாம்னு சொல்லிருக்காங்கம்மா. இங்கிலீஷ்ல இப்படி இனிப்புத் தடவித்தான் சொல்லுவாங்க."

வரும் திங்கட்கிழமை அப்பா உறைகளோடு அந்த ஆபீசுக்குப் போய் எல்லோர் முன்னாலும் நிற்கப் போகிறார். தங்கை சொன்னால் கேட்பார். அதற்குள் வந்து நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாவோ, என் மகளுக்கு ஆங்கிலம் தண்ணிபட்ட பாடு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எந்த முகத்தோடு நான் சொல்வது?

மாமாவுக்கு என் வணக்கம் மட்டும் போதும், விஷயம் வேண்டாம், சிரிப்பார்.

வெட்கத்துடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: அப்பா எழுந்து வந்து, "அத்தைக்கா? படி, கேப்போம்" என்றார். மேடம் அற்புதம் என்றது, டீச்சர் கேட்டு மனம்விட்டுச் சிரித்தது, ஆபீசில் எல்லோரும் பார்க்கப் போவது, இவற்றை மட்டும் படித்தேன். ஒன்றும் பொய்யில்லை, ஆனால் கூசுகிறது. அவருக்குப் பரம சந்தோஷம். வெட்டியதில் மிஞ்சிய துணியில் உங்கள் சோபாவுக்கும் உறை தைத்து ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவருகிறாராம். அத்தை, உங்கள் காலில் விழுகிறேன், நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.