பேராசிரியருக்கு எழுத்து தெரியவில்லை

“இது எழுத்தா, எறும்பா?” என்று அலறினார் பேராசிரியர்.

நான்கு மணிக்கு மூத்த குடிமக்கள் சங்கத்துக்கு அவர் இணையவழியில் பேச வேண்டும். தலைப்பு, ‘கணினியைக் கண்டு அஞ்சேல்’. பேச்சு பிடித்துப்போனால் வாரா வாரம் வகுப்பு என்று செயலாளர் ஆசை காட்டியிருந்தார். பேராசிரியர் அரை மணி முன்னதாகவே கூட்டத்துக்குள் நுழைந்து, உரையைத் திரையில் திறந்து வைத்துவிட்டார். படிக்கத்தான் முடியவில்லை.

“கண்ணாடி போட்டுக்கிட்டா என்னவாம்?” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

“கோளாறு கண்ணுல இல்ல, கம்ப்யூட்டர்ல!”

எழுத்தின் அளவை ஒரே இழுப்பாக இழுத்தார். ‘அன்பார்ந்த’ என்ற ஒரு சொல் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்து வரவேண்டிய ‘பெரியோர்கள்’ எல்லாரும் திரைக்கு வெளியே போய்விட்டார்கள்.

“பாத்தியா, எப்படி பளிச்சுனு!”

“இப்படி ஒவ்வொரு வார்த்தையா படிச்சா நாளன்னிக்கு முடியும்.”

வீம்புடன் அளவை இறக்கினார். “அப்போ ரெசல்யூஷனைக் குறைக்கணும்” என்றார், மருந்து எழுதித் தரும் தோரணையில். குறைத்தார். எழுத்து பெரிதானது, கூடவே மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி கலங்கியும் போனது.

‘இந்த மாற்றம் இருக்கட்டுமா?’ என்று கணினி கேட்டது.

“இருடா, யோசிச்சுச் சொல்றேன்.”

அது இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எறும்புகளைத் திரும்ப அவிழ்த்துவிட்டது.

“என்னங்க, பக்கத்துலயே ‘சிபாரிசு’ன்னு போட்டிருக்கே. ரெசல்யூஷனை அதுலயே விட்டுட்டு, எழுத்து அளவை மட்டும் நூத்தி இருபத்தஞ்சு சதவீதம் வைங்களேன்.”

“சிபாரிசுல வாழ்றவன் நான் இல்ல!”

அவருக்கு வேலை கிடைத்த கதை மனைவிக்குத் தெரியும். அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

ஆவேசத்தில் அவர் கீழே இருந்த வேறு எதையோ அழுத்தினார். கணினி மறுபடி கேட்டது. இந்தத் தடவை யோசிக்காமல் ‘ஆம்’ என்றார். திரை தலைகீழானது. சுட்டியை மேலே தள்ளினால் கீழே ஓடியது, இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் ஓடியது.

“ஐயோ, மணி நாலாகப் போகுது! பிடி, பிடி, அந்தப் பக்கம் பிடி!”

“எதை?”

“மானிட்டரை! அது கவுந்தா நாமளும் கவுக்கணும்!”

இருவரும் மானிட்டரைத் தூக்கிக் கவிழ்த்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்தார்கள். அதன் கால் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. எழுத்து நேரானது. எறும்பாகத்தான்.

“ஜெயிச்சாச்சு!” என்று துள்ளினார் பேராசிரியர். “அவங்களைக் கூப்பிடு!”

“ஸ்பீக்கரையே அணைச்சு வச்சிருக்கீங்களே” என்று மனைவி அதைத் திருகினாள்.

கைதட்டலும் விசிலும் அறையை நிறைத்தன. அதற்கு மேல் செயலாளரின் குரல் கேட்டது:

“நாங்களும் அப்பவே வந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், அரை மணி நேரமா சிரிச்சு வயிறே வலிக்குது சார்! எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு தத்ரூபமா நடிச்சுக் காட்டிட்டீங்க. அம்மா சொன்ன மாதிரி நூத்தி இருபத்தஞ்சு வச்சதும் எங்க எல்லாருக்கும் எழுத்து பளிச்சுனு தெரியுது, அதனால வாரா வாரம் வகுப்பை அவங்களே எடுக்கட்டும்!”