முந்தானையில் கவிழ்ந்த தோணி

எனக்குத் தலைக்கனம் அதிகம். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் நான், 1950களில் கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஆறு குமருப் பெண்களுக்குத் தறிவேலை படிப்பித்தேன். (அதுவும் சம்பளம் வாங்கி!) அவர்கள் என்னை அக்கா முறையில் ராத்தா என்பார்கள். நான் என்னை ராணி என்று நினைத்திருந்தேன்.

அவர்களில் ரைஹானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாலமுனையில் மீன்பிடிப்பவர்.

"ராத்தா, கல்யாணச் சாரிய நானே நெய்யப்போறன். முந்தானையில தோணி ஓடணும்."

"அப்ப கடலையும் நெய்வியாகா?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஓம், கடலும்தான்."

"நினைச்சா மட்டும் காணாது புள்ள, எண்ணணும்" என்றேன். தாளில் கோடு போட்டுக் கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது. (சொல்வேனா?) கட்டங்கட்டமாய்ப் பின்னிய பன்பாயை விரித்தேன். "பாயில ஒரு கட்டம், தறியில நாலு இழை. புளியங்கொட்டைய அடுக்கித் தோணியச் செய். எண்ணிப் பாரு. பிறகு நூலத் தொடு."

மூன்று நாள் அடுக்கினாள், கலைத்தாள். சாய்ந்த பாய்மரத்தை எண்ணி எண்ணி நிமிர்த்தினோம். சாரியின் உடலை முதலில் நெய்துவிட்டுக் கடைசியாக முந்தானைக்கு வந்தாள். முதலில் அலை எழும்பியது, அதன்மேல் தோணி, அதன்மேல் பாய்மரம். சுப்ஹானல்லாஹ்! ஒரு குமரின் மண்டைக்குள் கிடந்தது பாயில் இறங்கி, நூலில் ஏறி, என் கண்முன்னே மிதந்தது. எனக்கு மேல் சிலிர்த்தது.

"ஒருக்கா உடுத்துப் பார்க்கட்டா ராத்தா?"

"மடிப்புக் கலையும். வை!" என்றேன், இந்த மகாராணி.

கல்யாண நாளில் சாரியை உடுத்தி, முந்தானையைத் தோளில் போட்டுப் பின்னால் விரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா பார்த்தார்.

"யா அல்லாஹ்! என்ட மகன்ட தோணியக் கவுத்துப் போட்டிருக்காளுகள்!"

தறியில் கடைசியாக நெய்த நுனி, உடுத்தும்போது கீழே தொங்கும். அலை மேலே, பாய்மரம் கீழே! எல்லாவற்றையும் எண்ணிய நான் இதை மட்டும் எண்ணவில்லை. கடலுக்குப் போகிறவன் வீட்டில் இதைவிடக் கெட்ட சகுனம் உண்டா?

"எழும்பு மகன், போவம்! இத எவ படிப்பிச்ச?"

(அந்த மகாராணி கதவுக்குப் பின்னால் நின்று ஓதிக்கொண்டிருந்தாள்.)

ரைஹானா மெல்லத் திரும்பினாள். "மாமி, அது கவுந்த தோணியில்ல. கரைக்கு இழுத்துக் கவுத்து வெச்ச தோணி. உங்கட மகன் இனி இந்தக் கரையிலதானே?"

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியேறுவார்.

"அப்ப மேல இரிக்கிற அலை?"

"அலையா? வெயில் படாமப் போட்ட தென்னோலைக் கிடுகு மாமி!"

மாமி ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், கண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். புளியங்கொட்டை இல்லாமல், ஒரு மூச்சில் கடலைக் கிடுகாக்கிவிட்டாளே! இதை நான் படிப்பிக்கவில்லை.

ரைஹானாவின் மகள்தான் இன்று என் மருமகள். போன மாதம் என் மகன் புதுவீட்டுப் பிளானைப் பெருமையோடு மேசையில் விரித்தான். மருமகள் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினாள்.

"மாமி, கூரை மேலதானே இரிக்கி?"