எல்லாத்துக்கும் ஒரே பெட்டி

வாத்தியம் வாசிப்பவர்கள் ஓர் இனம். வாத்தியம் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தில் பேச்சு அதிகம், சத்தம் அதிகம், வாசிப்பு மட்டும் கிடையாது.

நம் ஆள் தேர்ந்தெடுக்கக் கிளம்பியது கஹோன். பயந்துவிடாதீர்கள், வெறும் மரப்பெட்டிதான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு முன்பலகையைக் கையால் தட்ட வேண்டும், அவ்வளவே. இந்த அவ்வளவுக்காக அவர் கடை கடையாக ஏறி, பெட்டி பெட்டியாகத் தட்டி, பலகையில் காதை ஒட்டி, பின்பக்க ஓட்டைக்குள் டார்ச் அடித்து, உள்ளே இருக்கும் கம்பிகளை விரலால் சுண்டி, "அடி நல்லா இருக்கு, ஆனா பேச மாட்டேங்குது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கினார். எந்தப் பெட்டி ஐயா பேசும்? அவருக்கு வேண்டியது சின்ன அறையில் முணுமுணுத்து, பெரிய கூடத்தில் முழங்கி, எந்தப் பாட்டுக்கும் ஒத்துப்போகும் ஒரே பெட்டி.

மாட்டிக்கொண்டவன் அவர் மைத்துனன், கிடார் வாசித்துப் பாடுகிறவன். தெருமுனைக் காபிக் கடை முதலாளி அவனிடம், "இந்தச் சனிக்கிழமை கூட்டம் உக்காந்து கேட்டா, எல்லாச் சனிக்கிழமையும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். பிறந்தநாள் விருந்துகளில் பாடிப் பாடி நொந்தவனுக்குக் கிடைத்த முதல் மேடை. தாளத்துக்கு மாமாதான் என்று முடிவாகியிருந்தது; அக்கா முகத்துக்காக வேறு ஆள் தேடாமல் இருந்தான்.

"மாமா, ஏதாவது ஒண்ண வாங்குங்க. ஒரு தடவையாவது சேந்து வாசிச்சுப் பாக்கணும்."

"அவசரப்படாத மாப்ளே. பெட்டி அமையட்டும், வாசிப்பு தானா வரும்."

பெட்டி அமைந்தது, அந்தச் சனிக்கிழமை மதியம்.

மாலையில் கடை நிறைந்திருந்தது. மைத்துனன் பாட்டை எடுத்தான். பெட்டி அருமையாகத்தான் முழங்கியது. தாளம்தான் பாட்டுக்கு முன்னால் ஓடி, பிறகு மூச்சு வாங்கிப் பின்தங்கி, இரண்டாவது சரணத்தில் ஆளையே காணோம். என்னவென்று திரும்பிப் பார்த்தால், பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் கம்பியை முடுக்கிக்கொண்டிருக்கிறார் மனுஷன்! "கம்பி கொஞ்சம் லூஸு" என்று மைக்கில் விளக்கம் வேறு. கூட்டம் பில் கட்ட எழுந்தது. அடுத்த வாரத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். கிடாரை உறையில் வைக்கும்போது மைத்துனனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் நம் ஆள் வாய் திறந்தார். "தப்பு என்னுதுதான் மாப்ளே."

திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்?

"இன்னும் கொஞ்சம் தடிமனான பலகையா பாத்திருக்கணும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால், கடைசியில் அவர் வாங்கியது எந்தப் பெட்டி என்று கேட்க உங்களுக்கும் வாய் துறுதுறுக்கிறதல்லவா? உங்களை நம்பி மைக் முன்னால் நிற்கப்போகிறவனை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.