ஜானவாசத்துக்கு ஜீப் வேண்டாம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை

ஸ்ரீமான் வேங்கடவரதன் ஸ்வாமி சன்னிதிக்கு, கூடிய சீக்கிரம் சம்பந்தி ஆகப்போகிற ஸ்ரீரங்கன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே நான், என் அகத்துக்காரி ஜலஜா, தேவரீர் அகத்துக்கு மாட்டுப்பெண்ணாக வரப்போகிற வர்ஷினி மூவரும் பெருமாள் கிருபையில் க்ஷேமம். அடையாறில் தேவரீரும் வைதேகி மாமியும், புனேயில் மாப்பிள்ளை பிரணவும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். முதுகுப் பிடிப்பைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த முதுகுப் பிடிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குக் கடிதமா, போனில் சொன்னால் ஆகாதா என்று தேவரீர் நினைக்கலாம். போனில் பேசினால், நான் சொல்வதற்கெல்லாம் ஜலஜா சமையலறையிலிருந்து மறுப்புச் சொல்லுவாள். வாட்ஸப்பில் எழுதினால் அது வர்ஷினியின் லேப்டாப்பில் தெரிகிறது. என் போனை அவள்தான் ஏதோ செய்து அதில் இணைத்து வைத்திருக்கிறாள். ஆகவே பேனாவை எடுத்தேன். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வாகன கிளெய்ம் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவன் என்பது தெரியும். பிறத்தியாரின் விபத்துகளைப் படித்தே வயிறு வளர்த்தவன். எருமை கை காட்டாமல் திரும்பிவிட்டது என்று எழுதிக் கொடுத்த ஒருவரை நம்பாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது.

விஷயம் ஜானவாசம். நிச்சயதார்த்தத்தன்று வைதேகி மாமி சீர் கேட்கவில்லை, செனத்தி கேட்கவில்லை. ஒரே பிள்ளை, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவனைத் திறந்த காரில் உட்கார்த்தி, நாயனத்தோடு ஊர் பார்க்க அழைத்து வரணும், அது ஒன்றுதான் என் ஆசை என்றார். நான் தலையாட்டினேன். ஊர் பார்க்க என்ற வார்த்தை வர்ஷினி காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, மாப்பிள்ளை என் ஜீப்பில்தான் வரணும், இல்லையானால் ஜானவாசமே கிடையாது என்கிறாள். வாடகைக் கார் என்று நான் வாயைத் திறந்தால், கையிலிருக்கும் ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். மாமியின் ஒரே ஆசைக்கும் என் பெண்ணின் பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது என் முதுகு.

அந்த ஜீப்பைத் தேவரீர் தூரத்திலிருந்துதான் சேவித்திருக்கிறீர்கள். தன் சம்பளத்தில் பழைய ஜீப்பாக வாங்கினாள். சனிக்கிழமையானால் இவளும் சிநேகிதிகளும் நல்ல ரோடு இருக்கும் ஊரை விட்டுவிட்டு, ரோடே இல்லாத இடமாகத் தேடி, பெட்ரோல் செலவழித்துப் போய், சேற்றில் மாட்டிக்கொண்டு, சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள். அது போதவில்லை என்று ஈக்காட்டுத்தாங்கலில் மெஹபூப் அலி என்பவரின் பட்டறையில் வண்டியை விட்டு, அடியிலிருந்த பட்டை ஸ்பிரிங்கை எல்லாம் மாற்றி, வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு இரும்புத் தண்டைக் கழற்றிப் போட்டு, நீளமான ஷாக் அப்சார்பர் வைத்து, ஜீப்பை என் இடுப்புக்கு மேல் உயர்த்திவிட்டாள். சாயாமல் பிடிக்கிற தண்டை யாராவது கழற்றுவார்களா என்று கேட்டேன். மெஹபூப் அலி சிரித்துக்கொண்டே ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேடைமேல் ஏற்றிக் காட்டினார். "பாருங்க சார், மூணு சக்கரம் கீழ, ஒண்ணு மேல, ஆனா எதுவும் அந்தரத்துல தொங்கல. இனிமே எந்தப் பள்ளத்துலயும் நாலும் தரைய வுடாது" என்றார். வாஸ்தவம்தான். முன்பெல்லாம் பள்ளம் வந்தால் இந்த ஜீப் கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இப்போது சக்கரங்கள் நாலும் தரையை விடுவதில்லை. உட்கார்ந்திருப்பவன் கதி என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் புனேயிலிருந்து வருகிறார். எனவே ஒத்திகைக்கு அவர் இடத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று வர்ஷினி என்னைப் பிடித்தாள். ஞாயிறு காலை கேசவப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை போக வேண்டும். பின்பக்கம் ஒரு நாற்காலியைக் கயிற்றால் கட்டி, என் ரிடையர்மெண்டுக்குத் தைத்த கோட்டை மாட்டி, என்னை ஏற்றி உட்கார்த்தினாள். பிரணவின் எடை எனக்கு இல்லையாம். குறைகிற எடைக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை. வடபழனியிலிருந்து வந்த போட்டோகிராபர் டில்லிபாபு, மாலையும் தலைப்பாகையும் இல்லாமல் வெளிச்சம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதையும் போட்டுக்கொண்டேன். "அப்பா, நீ கம்பியைப் பிடிச்சிண்டு சும்மா ஒக்காரு. உன் வேலை அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

கோயில் வாசல் தாண்டவில்லை, என்னோடு ஆபீஸில் இருந்த ஒரு நண்பர் எதிரே வந்து, சஷ்டியப்தபூர்த்தியா, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனஸ்தாபப்பட்டார். எனக்கு அறுபது முடிந்து வெகு காலம் ஆயிற்று என்று விளக்குவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. முனையில் பூ விற்கிற கோவிந்தம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னா சாமி, இந்த வயசுல மாப்ளயா? ஊட்ல அம்மாக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. கேட்காதவர்களுக்கு அவளே இன்னொரு தடவை சொன்னாள். அதற்குள் எங்கள் தெரு வந்துவிட்டது. எங்கள் தெருவை யார் தோண்டினார்கள், எதற்காகத் தோண்டினார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் அதிலிருந்து எடுத்த மண். கேமராவோடு பின்பக்கமாகவே நடந்து வந்த டில்லிபாபு திடீரென்று காணாமல் போனார். பள்ளத்துக்குள்ளிருந்து, நிறுத்தாதீங்க, வாங்க வாங்க என்று குரல் மட்டும் வந்தது. வர்ஷினியும் நிறுத்தவில்லை. இடது சக்கரம் இறங்கியது, வலது சக்கரம் ஏறியது, மெஹபூப் அலி சொன்னபடி நாலும் தரையிலேயே இருந்தன. நான் கம்பியை விட்டுவிட்டு எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அரிசி மூட்டை என் மடிக்கு வந்தது. தலைப்பாகை மேலே போகிற கேபிள் வயரில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, ஒரு காக்கை அதில் குடி வந்துவிட்டது. இதற்கு நான் கிளெய்ம் எழுதினால் காரணம் என்று என்ன போடுவது? இயற்கைச் சீற்றம் என்றால் என் பெண்ணை அதில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சிரிப்புக்காக இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஸ்வாமி. அந்த நாற்காலியில் பிரணவ் உட்கார்ந்து, அரிசி மூட்டை மாதிரி அவர் சரிவதைத் தெருவே பார்த்து, வைதேகி மாமி முகம் வாடிவிட்டால், என் பெண் அந்த அகத்தில் முதல் நாளே தலைகுனிந்து நுழைய வேண்டியிருக்கும். எனக்கு ஒரே குழந்தை. அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள். அம்மா பேச்சைக் கேட்பாள், ஆனால் ஜலஜா அவள் கட்சி. தேவரீரிடம் அவளுக்கு மரியாதை உண்டு. ஆகவே அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் அகத்துச் சம்பிரதாயத்தில் மாப்பிள்ளை ஆடுகிற வாகனத்தில் ஏறுகிற வழக்கம் இல்லை என்று போட்டால் போதும். அப்படி ஒரு சம்பிரதாயம் இல்லையென்று எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அலங்காரம் செய்த திறந்த கார் ஒன்றுக்கு ரகசியமாகச் சொல்லியும் வைத்துவிட்டேன். நாளைக் காலை கொண்டுவந்து காட்டுகிறேன் என்றிருக்கிறார்கள்.

மாமிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். குழந்தைகள் இருவரும் தீர்க்காயுசாக, சமதரையில், சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அனுக்கிரகிக்கட்டும்.

இப்படிக்கு,
அடியேன் ஸ்ரீரங்கன்

பி.கு.: சனிக்கிழமை மத்தியானம். ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் அந்த வாடகைக் கார் வந்தது. அது எங்கள் தெரு முனையிலேயே பள்ளத்தில் மூக்கை வைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த ஆட்டோவும் நின்றுவிட்டது. ஆட்டோவில், வர்ஷினிக்குக் கொடுக்க ரவிக்கைத் துணியோடு வைதேகி மாமி. வர்ஷினி ஜீப்பைக் கொண்டுபோய்க் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்தாள். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு மாமியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, அதே பள்ளம், அதே மண்மேடு வழியாக வந்து சேர்ந்தாள். நான் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோது மாமி தலையில் கோவிந்தம்மாவின் மல்லிகையோடு இறங்கினார். பெருமாள் குதிரை வாகனத்தில் ஆடி ஆடி வருகிற வையாளி மாதிரியே இருந்ததாம். "மாமா, ஆடாம வந்தா அது என்ன புறப்பாடு? பிரணவ் இதுலதான் வரணும். முன் சீட்டு எனக்கு" என்றார். நான் இட்டுக்கட்டச் சொன்ன சம்பிரதாயத்துக்கு எதிரே நிஜமான சம்பிரதாயமே வந்து நின்ற பிறகு அடியேன் என்ன பேசுவது? வாடகைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் தேவரீர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். வேறு தாளில் திரும்ப எழுத முதுகு இடம் தரவில்லை. கடிதத்தை மாமி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கவர் சரியாக ஒட்டவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நாளை மறுபடியும் ஒத்திகை. எனக்கு முதுகு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். மாமி என் முதுகைப் பார்த்துவிட்டு, பிரணவுக்கும் தேவரீருக்கும் ஒரே எடை, அரிசி மூட்டைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் காபி சாப்பிடாமல் வரவும். தலை அளவைப் போனில் சொன்னால் போதும். பழைய தலைப்பாகையைக் காக்கையிடம் கேட்க முடியாது.